பழைய 911 வாங்கலாமா? எஞ்சின் போகும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

நொய்யல்கரை:
வணக்கங்க. கோயம்புத்தூரில் ஒரு போர்ஷே 911 கரேரா எஸ் விலைக்கு வந்திருக்கிறது. 2007 மாடல், 3.8 லிட்டர், மேனுவல் கியர், மீட்டரில் 48,000 கிலோமீட்டர். பெயின்ட், சீட்டு, டயர் எல்லாம் பார்த்தாயிற்று, குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்கிறவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: "வண்டி வெளியவே எடுக்கறதில்லைங்க, ஷெட்டுலயேதான் நிக்குது, வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணிருவோம்." கூட வந்த சொந்தக்காரர்களுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த வண்டியில் எஞ்சின் போனால் கையில் இருக்கிற காசு மொத்தமும் அதோடு போய்விடும். போகும் முன்னால் எஞ்சின் ஏதாவது காட்டிக்கொடுக்குமா, எங்கே பார்க்க வேண்டும் என்று கையால் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்துப்பட்டறை:
நீங்கள் பயந்தது சரிதாங்க. எஞ்சினைக் கெடுக்க நல்ல வழி அந்த அஞ்சு நிமிஷ ஸ்டார்ட். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும், ஆயில் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும். அஞ்சு நிமிஷத்தில் ஆயில் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. ஈரமும் எரியாத பெட்ரோலும் உள்ளேயே தங்கி, அமிலமாகி, பேரிங்கை அரிக்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், வெண்ணெய் தடவினது மாதிரி ஒட்டியிருந்தால் அவர் சொன்னது உண்மை.

முக்கியமானது இனிமேல்தான். "என் செலவில் ஆயில் மாற்றிப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். அந்தப் பழைய ஃபில்டர் உங்கள் கைக்கு வர வேண்டும். இந்த வண்டியில் அது காகித ஃபில்டர், தகர டப்பாவை அறுக்கிற வேலை இல்லை. கத்தியால் இரண்டு ஓரத்தையும் நறுக்கி, காகிதத்தை ஒரே பட்டையாக எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி வைஸில் வைத்து மெதுவாக இறுக்கினால் ஆயில் வடிந்துவிடும். அப்புறம் வெள்ளைத் தாள் மேல் விரித்து வெயிலில் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு மடிப்பாகப் பாருங்கள். விரலால் நசுக்கினால் மாவாகும் கறுப்புத் தூள் வெறும் கரி, அதை விட்டுவிடுங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மடிப்புகளின் மேல் இழுங்கள். ஒட்டிக்கொண்டு வருவது இரும்பு, எஞ்சினுக்குள் ஓடும் செயினிலிருந்தோ பால் பேரிங்கிலிருந்தோ வந்திருக்கும். காந்தத்துக்கு வராமல் வெள்ளியாக மின்னுவது அலுமினியம், பிஸ்டனோ சிலிண்டரோ தேய்கிறது. செம்பு நிறமோ பொன்னிறமோ தெரிந்தால் பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் அச்சுப் பக்கத்து பேரிங், புஷ். பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் நொறுங்கல் கிடந்தால் செயினைத் தாங்கும் கைடு உடைய ஆரம்பித்துவிட்டது. ஒன்றிரண்டு மினுக்கு எந்த எஞ்சினிலும் இருக்கும். மடிப்புக்கு மடிப்பு மின்னினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்கண்ணா. ஐஎம்எஸ் பேரிங் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்களே, 2007-க்கும் அது உண்டா?

லேத்துப்பட்டறை:
உண்டு, ஆனால் பழைய பயம் அளவுக்கு இல்லை. அந்த எஞ்சினில் கிராங்குக்கும், வால்வைத் திறக்கும் கேமுக்கும் நடுவில் ஒரு ஷாஃப்ட் சுற்றுகிறது, அதைத்தான் ஐஎம்எஸ் என்கிறார்கள், அதன் ஒரு முனை பால் பேரிங்கில் நிற்கிறது. சீல் போட்ட பேரிங், உள்ளே கிரீஸ். வருடங்கள் போகப் போக எஞ்சின் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், புது ஆயில் தாராளமாகப் போகவும் வழி இருக்காது. 2000 வாக்கில் வந்த சின்ன ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் போனது, அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது. 2006-லிருந்து பெரிய பேரிங் போட்டார்கள், அது போவது மிகவும் அபூர்வம். ஆனால் எஞ்சின் கேஸை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸ் இறங்கும்போது வெளிப்பக்க சீலை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சின் ஆயிலே அதை நனைக்கும்படி விடுகிறவர்கள் உண்டு. அதே காலத்து 911 டர்போ, 911 ஜிடி3 இரண்டிலும் இருந்தது வேறு எஞ்சின், அவற்றுக்கு இந்தப் பேச்சே இல்லை. 2009-ல் வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது.

3.8-ல் நீங்கள் பயப்பட வேண்டியது சிலிண்டர் சுவரில் விழும் கீறலுக்கு. அலுமினியச் சுவரில் சிலிக்கான் கலந்த பரப்பு, பிஸ்டன் மேல் இரும்புப் பூச்சு. பூச்சு தேய்ந்துவிட்டால் அலுமினியமும் அலுமினியமும் உரசும். ஆறாவது சிலிண்டரில்தான் பெரும்பாலும் முதலில் வரும். ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், ஒரு பக்க சைலன்சர் குழாய் மட்டும் மற்றதைவிடக் கரியாகும், சூடான பிறகும் டிக் டிக் என்று சத்தம் நிற்காது. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக கேமரா விட்டால் சுவரின் கீழ்ப்பகுதி சரியாகத் தெரியாது, கீறல் அங்கேதான் தொடங்கும். ஆயில் பேனைக் கழற்றிக் கீழிருந்து கேமரா விடச் சொல்லுங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் இந்த மாடலுக்கு அதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரிக்வண்டி:
நம்மது திருச்செங்கோடுங்க, போர்வெல் ரிக் தொழில். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினது கிடையாது, ஆனால் கம்ப்ரஸர் எஞ்சினை ஊர் ஊராகக் கொண்டுபோய் ராத்திரி பகலாக ஓட்டுகிறவர்கள் நாங்கள், நடுக்காட்டில் எஞ்சின் நின்றால் யாரும் வரமாட்டார்கள் என்பதால் சத்தத்தைக் கேட்டே பிழைக்கப் பழகிவிட்டோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை பிளாக்கில் ஊன்றுங்கள், பெல்ட்டும் ஃபேனும் பக்கத்தில், ஜாக்கிரதை. குளிரில் டக் டக் என்று தட்டி, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். நேர்மாறாக, குளிரில் அமைதியாக இருந்து, ஆயில் சூடாகி இளகியதும், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து விடும் நேரத்தில் கனமான தட்டு கேட்டால் அது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங். எந்த சிலிண்டர் என்று தெரிய ஒவ்வொன்றாக இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது தட்டு குறைகிறதோ அதுதான். வால்வு பக்கத்து டிக் டிக் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் வரும், மேலே கேட்கும், அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. ராட் தட்டு கேட்ட பிறகு "வீடு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்பது நடக்காதுங்க. அங்கேயே அணைத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

பவானி_வி8:
ரிக் அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். 8000 ஆர்பிஎம் சுற்றும் எஞ்சின்களில் ராட் பேரிங் பலமுறை சத்தமே கொடுக்காமல் போகும், சத்தம் கேட்கும்போது கிராங்க்கும் சேர்ந்து போயிருக்கும். நான் வைத்திருப்பது பிஎம்டபிள்யூ எம்3, 4 லிட்டர் வி8, உச்ச பவர் 8300-ல் வரும். இந்த எஞ்சினுக்கு 10டபிள்யூ-60 ஆயில், பேரிங் இடைவெளி இறுக்கம், அதனால் குளிர்ந்த எஞ்சினை மிதித்தால் பேரிங்தான் முதலில் அடி வாங்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஒரு சின்ன பாட்டில் பிடித்து லேபுக்கு அனுப்புகிறேன். ஈயமும் செம்பும் மெல்ல மெல்ல ஏறுகிறதா என்று பார்ப்பேன், ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பேசும். சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் பக்கம் எங்கோ தூசி நுழைகிறது. சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கசிகிறது. பெட்ரோல் கலப்பு அதிகம் என்றால் ஆயில் இளகிப்போய்ப் படலம் தாங்காது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இதே எஞ்சினின் பிந்தைய வண்டிகளில் பேரிங் ஈயம் இல்லாத வகை, அலுமினியமும் தகரமும். அந்த வண்டிக்கு ஈயம் பூஜ்யம் என்று வந்ததை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

செட்டிபாளையம்சுற்று:
இவ்வளவு பேசியும் ஆயில் சூட்டைப் பற்றி யாரும் ஆரம்பிக்கவில்லை. என் கணக்கில் வண்டி வாங்கிய பிறகு எஞ்சினைக் கொல்வதும் காப்பதும் அதுதான். கூலன்ட் முள் சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும், எல்லாரும் அதைப் பார்த்து மிதித்துவிடுகிறார்கள். ஆயில் பின்தங்கித்தான் வரும், கூலன்ட் 90 டிகிரி காட்டும்போது ஆயில் 60-லேயே இருக்கும். மேட்டுப்பாளையத்தில் வீடு, கேட்டைத் திறந்தால் கல்லாறு வளைவு என்று இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆயில் 80 டிகிரி வரும் வரைக்கும் 3500 ஆர்பிஎம்-க்கு மேல் போகாதீர்கள், அதே நேரத்தில் கீழ் ஆர்பிஎம்-ல் உயர் கியரைப் போட்டு எஞ்சினைத் திணறவும் விடாதீர்கள், அதுவும் பேரிங்குக்கு அடிதான். 911-ல் ஆயில் சூட்டுக்குத் தனி முள், ஆயில் பிரஷருக்குத் தனி முள் இருக்கிறது. எம்3-ல் ஆர்பிஎம் மீட்டருக்குள்ளேயே ஆயில் சூடு காட்டும், குளிராக இருக்கும்போது சிவப்புக் கோடு கீழே இருந்து தொடங்கி சூடாகச் சூடாக மேலே போகும். கம்பெனியே இவ்வளவு செலவு செய்து காட்டுகிறது என்றால் காரணம் இருக்கிறது.

கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. சுற்று ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர்தான், நேர்ப்பாதை குறைவு, ஆர்பிஎம் இறங்கவே இறங்காது, நம் ஊர் மே மாத வெயிலில் சில சுற்றுகளிலேயே ஆயில் சரசரவென்று ஏறும். ஆயில் சூடு 130 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சுற்றிலேயே வேகத்தைக் குறைத்து, ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவைத்து உள்ளே வாருங்கள், வந்தவுடன் அணைக்காதீர்கள், டர்போ வண்டியாக இருந்தால் இன்னும் முக்கியம். ஆயில் அளவு மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், கோட்டைத் தாண்டவும் வேண்டாம். ஒட்டும் டயர் போட்டு நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்பு காற்றை உறிஞ்சும், பிரஷர் முள் ஒரு நொடி துள்ளி விழும். அதைப் பார்த்தால் தடுப்புத் தகடு வைத்த ஆயில் பேன் போடாமல் திரும்ப டிராக்குக்குப் போகாதீர்கள். பட்டறைகளில் சொல்லும் தோராயக் கணக்கு, சூடான ஆயிலில் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ ஆயில் பிரஷர்.

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சிப் பக்கம் போர்ஷே 911, பாக்ஸ்டர் வைத்திருக்கிறவர்களுக்கு. ரேடியேட்டர் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இருக்கிறது, அதற்கு முன்னால் ஏசி கண்டென்சர். இரண்டுக்கும் நடுவில் வேப்பிலை, புளிய இலை, நம் ஊர் நார்த்தூள் எல்லாம் போய் உட்கார்ந்து மழையில் நனைந்து மட்டையாகிவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிக் கையால் எடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

அப்புறம் தண்ணீர். எனக்குத் தெரிந்த ஒரு வண்டிக்கு ஒரு பட்டறையில் கூலன்ட் குறைந்தபோது குழாய்த் தண்ணீரையே ஊற்றி அனுப்பிவிட்டார்கள். பல்லடம், அவிநாசி, காங்கேயம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், வீட்டு ஹீட்டரே வெள்ளையாகக் காரை பிடித்து அடைத்துக்கொள்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய வழிகளில் அது படிந்தால் முள் ஏறாமலே ஒரு சிலிண்டர் மட்டும் சுடும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், கூலன்ட் கம்பெனி சொன்ன வகை மட்டும், நிறத்தைப் பார்த்துக் கலக்க வேண்டாம்.

சூலூர்டர்போ:
பெட்ரோல் பற்றி யாராவது சொல்லுங்களேன். நான் 2 லிட்டர் டர்போ ஹாட்ச் வைத்திருக்கிறேன், ரீமேப் செய்தது, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றியது.

பவானி_வி8:
தம்பி, சாதா பெட்ரோல் முன்பெல்லாம் 91 ஆக்டேன்தான். உங்கள் வண்டிக்கும் 911-க்கும் அது போதாது, 911-க்குக் கம்பெனி சொல்வது 98. இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது, எல்லா பங்கிலும் கிடைக்காது, கிடைக்காத இடத்தில் 95 போட்டு மெதுவாக ஓட்டலாம். பெட்ரோல் தப்பாக வெடித்தால் அதை உணரும் நாக் சென்சார் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றும், ஆனால் ரீமேப் செய்த வண்டியில் அந்த இடைவெளியைத்தான் பவராக மாற்றியிருப்பார்கள். மடிக்கணினியை மாட்டி மூன்றாவது கியரில் ஒரு முழு மிதிக்குப் பதிவு (லாக்) எடுங்கள். எந்த சிலிண்டரில் இக்னிஷனை எத்தனை டிகிரி பின்னால் இழுக்கிறது, பெட்ரோல் பிரஷர் கேட்ட அளவு வருகிறதா, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு, மூன்றையும் பாருங்கள். ஒரே சிலிண்டர் மட்டும் விடாமல் இழுத்தால் அதன் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்காமல் ஓட்டாதீர்கள், பிஸ்டன் ரிங் பள்ளம் உடைவது அப்படித்தான் ஆரம்பிக்கும். பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் 2000 ஆர்பிஎம்-க்குக் கீழே ஆறாவது கியரில் முழுசாக மிதிப்பது இன்னும் ஆபத்து, பொறி வரும் முன்பே தானாகப் பற்றும், ஒரே அடியில் பிஸ்டன் உடையும். அதையும் தடுக்கும்படி 2020-ல் ஏபிஐ எஸ்பி தர ஆயில் வந்தது, டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

நொய்யல்கரை:
வாங்கிய பிறகு செய்ய வேண்டியது இவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. மேனுவல் வண்டி என்பதால் தனியாக ஏதாவது பார்க்கணுமா?

செட்டிபாளையம்சுற்று:
ஓவர்ரெவ் ரிப்போர்ட், அவசியம். போர்ஷே கம்ப்யூட்டர் எஞ்சின் எல்லை தாண்டிச் சுற்றியதை ஆறு படியாகப் பிரித்து எழுதி வைக்கும், கடைசியாக எத்தனையாவது ஓட்ட மணி நேரத்தில் நடந்தது என்றும் சேர்த்து. கீழ்ப்படிகள் ஆர்பிஎம்-ஐ எல்லையில் நிறுத்தும் லிமிட்டரில் தட்டியது, பெரிய விஷயமில்லை. 4, 5, 6 வந்தால் யாரோ கியரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், மூன்றாவதுக்குப் பதில் முதலாவது. அப்போது லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. வால்வு ஸ்பிரிங் கேமைப் பின்தொடராமல் வால்வு பிஸ்டனைத் தொடும், ராட் போல்ட் இழுபடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி இறங்கும்போது அவசரத்தில் இரண்டாவது தேடுகிறவர்கள் இதைச் செய்வார்கள். அதே ரிப்போர்ட்டில் மொத்த ஓட்ட மணி நேரமும் இருக்கும், கிலோமீட்டரை அதனால் வகுங்கள். சராசரி மணிக்கு 35-லிருந்து 55-க்குள் வந்தால் மீட்டர் பொய் சொல்லவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

வாலாங்குளம்:
மழைக்காலத்தையும் மறக்காதீங்க. லங்கா கார்னர், கிக்கானி பாலம், வடகோவை அடிப்பாலம், எங்கேயும் தண்ணீர் நின்றால் ஸ்போர்ட்ஸ் காரை இறக்காதீர்கள். காற்று உறிஞ்சும் வாய் தாழ்வாக இருக்கும் வண்டிகள் அதிகம், தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அதை அமுக்க முடியாது, ராட் வளையும். நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாதாரண இன்சூரன்ஸில் இது வராது, எஞ்சினுக்குத் தனியாக ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும், அது எடுத்திருந்தும் திரும்ப ஸ்டார்ட் செய்தது தெரிந்தால் தகராறுதான்.

நொய்யல்கரை:
எல்லாம் பார்த்தாயிற்றுங்க. ஃபில்டர் சுத்தம், காந்தத்தில் மாவு போல லேசான சாம்பல் தவிர ஒன்றும் வரவில்லை. ஆயில் பேன் கழற்றி ஆறாவது சிலிண்டர் பார்த்தோம், கீறல் இல்லை. சந்தோஷமாக ரிப்போர்ட் எடுத்தால், மொத்தம் 1,180 மணி நேரம், அஞ்சாவது படியில் பதிவு இருக்கிறது, நடந்தது 1,151-வது மணியில். விற்கிறவருக்கே தெரியவில்லை, வீட்டில் யாரோ எடுத்திருக்கலாம் என்கிறார். கிலோமீட்டர் கணக்கு சரியாக வருகிறது. இப்போது என்ன செய்வது?

லேத்துப்பட்டறை:
நடந்து முப்பது மணி நேரம்கூட ஓடவில்லை, அதுதான் உறுத்துகிறது. இருநூறு முந்நூறு மணி நேரம் ஓடி நன்றாக இருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். லீக் டவுன் டெஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் மேலே நிறுத்தி, பிளக் ஓட்டையில் காற்றைக் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. அளவைவிட எங்கே சீறுகிறது என்பதுதான் முக்கியம். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், காற்று உள்ளே போகும் வழியில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட் தொட்டியில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்.

நொய்யல்கரை:
அஞ்சு சிலிண்டர் 6-லிருந்து 8 சதவீதம். மூன்றாவது 27. சைலன்சர் குழாயில் காது வைத்தால் சீறல் தெளிவாகக் கேட்கிறது.

ரிக்வண்டி:
வால்வு லேசா வளைஞ்சிருக்குங்க. விட்டுருங்க.

பவானி_வி8:
வால்வுகள் இருக்கும் ஹெட் வேலையைச் செய்துவிடலாம், ஆனால் அந்த ராட் போல்ட்கள் எவ்வளவு இழுபட்டிருக்கின்றன என்று எஞ்சினைப் பிரிக்காமல் எந்த டெஸ்டும் சொல்லாது. முழு எஞ்சின் பிரிக்கும் செலவைக் கழித்து விலை பேச அவர் சம்மதித்தால் மட்டும் யோசியுங்கள்.

நொய்யல்கரை:
அவ்வளவு இறங்க அவர் தயாராக இல்லை, நானும் கட்டாயப்படுத்தவில்லை. ரிப்போர்ட் காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, அடுத்து வருகிறவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சேலத்தில் 2010 மாடல் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அதில் ஐஎம்எஸ் இல்லை என்று மேலே அண்ணன் சொன்னார், வேறு எதைப் பார்க்கணும்?

லேத்துப்பட்டறை:
அது நேரடி இன்ஜெக்ஷன். இன்டேக் வால்வு மேல் கரி படியும், ஹை பிரஷர் பெட்ரோல் பம்பு தகராறு செய்யும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக இழுக்கிறதா பாருங்கள். அதுவும் தானாக கியர் மாற்றும் பிடிகே கியர்பாக்ஸாக இருந்தால் தப்பு கியர் பயம் பெரும்பாலும் இல்லை, மேனுவலாக இருந்தால் ரிப்போர்ட்டை முதலில் எடுங்கள், ஆயில் பேனை அப்புறம் கழற்றலாம். சேலம் போகும்போது சொல்லுங்கள், கேமரா என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.